அவள் பெயரில் ஒரு பழுப்பு உறை

எங்கள் பள்ளியில் மொத்தம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். பிள்ளைகள், ஆசிரியர்கள், சமையலறை, வண்டி ஓட்டுபவர்கள், வாசல் காவலாளி எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அத்தனை பேருடைய வருகைப் பதிவேடும் என் மேசையில் இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று என்னைக் கேட்டால் தெரியும். பிள்ளைகள் எனக்கு 'ரெஜிஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மூன்று வருடத்துக்கு முன் புதுத் தலைமையாசிரியை வந்தார். இன்னும் அவரைப் 'புதுசு' என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். வந்த முதல் வாரமே தண்டனை நோட்டைக் கேட்டார். நானும் பெருமையாக எடுத்து நீட்டினேன். இருபது வருடக் கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. வெளியே நின்றவர்கள், மைதானத்தைச் சுற்றி ஓடியவர்கள், நூறு தரம் எழுதியவர்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று தேதிவாரியாக இருக்கும். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதுல யாருக்கு வலிச்சதுன்னு ஒரு இடத்துலகூட இல்லையே" என்றார்.

அதற்கெல்லாம் எங்கே கட்டம் இருக்கிறது என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். அடுத்த மாதம் அந்த நோட்டு அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் சுற்று. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும், நடுவில் மேசை இருக்கக் கூடாது. கரும்பலகை துடைக்கிற டஸ்டர் ஒன்று கை மாறிக்கொண்டே வரும். டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கேள்விகள் நான்கு. என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கு வலித்தது? அதைச் சரியாக்க என்ன வேண்டும்? திங்கட்கிழமை முதல் மணி எல்லா வகுப்பிலும் இதுதான். புதுசுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. பிள்ளைகளோடு நிறுத்தாமல் ஆசிரியர்களையும் சமையலறையையும் வண்டிக்காரர்களையும் உட்கார வைத்தார். வேலை கெடுகிறது என்று முதலில் கொடி பிடித்தவள் நான்தான்.

பிறகு விசில் விஷயம் நடந்தது. விசில் என்பது எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். மெதுவாக ஓடுகிற எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நேரத்தை அவர் உரக்கப் படித்து வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறார். சுற்றில் அந்தப் பெண் டஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் ஓடறப்ப யாரும் நேரம் சொல்லக் கூடாது, அவ்ளோதான் சார்" என்றாள். ஆறடி மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் முறை வந்தபோது கடிகாரத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். அதன்பின் நான் கொடியை இறக்கிவிட்டேன்.

உறைகளுக்கு நான் பொறுப்பானதும் அப்போதுதான். நூலகத்துக்கு வெளியே சுவரில் ஒரு பெட்டி உண்டு. தனக்கு வலித்தது என்று சொல்ல வருபவர் வெள்ளை உறை போட வேண்டும். தான் தவறு செய்துவிட்டோம் என்று சொல்ல வருபவர் பழுப்பு உறை போட வேண்டும். பழுப்பு உறையின் மேல் எழுதியவர் பெயர் மட்டும் இருக்கும், யாரிடம் தவறு செய்தார் என்பது உள்ளே. வெள்ளை வந்து சேராமல் பழுப்பைத் திறக்கக் கூடாது என்பது புதுசின் கண்டிப்பான விதி. வலித்தவர் தயாராவதற்குமுன் மன்னிப்பைக் கொண்டுபோய் அவர் முகத்தில் நீட்டினால் அது இன்னொரு அடி என்பார். எனவே பழுப்புகள் பெயர்வரிசையில் என் இரும்புப் பெட்டிக்குள் காத்திருக்கும். வெள்ளை வந்தால், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் ஏற்கெனவே பழுப்பு போட்டிருக்கிறாரா என்று நான் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"உங்ககிட்ட சொன்னது வெளிய போகாதுன்னு கேள்விப்பட்டேன்" என்று சொல்லித்தான் புதுசு பெட்டிச் சாவியைக் கொடுத்தார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எதிர் அறையில் இருப்பவள் காதில் அது விழுந்திருந்தால் சிரித்திருப்பாள்.

எதிர் அறை வேதியியல் ஆய்வகம். அதில் இருப்பவள் உப்பு. சோதனைக் குழாயில் இருக்கும் உப்பு எது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தே பிள்ளைகளிடம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டாள், பிறகு எங்களுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. பதினோரு வருடம் நானும் அவளும் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் ஒன்றாகச் சாப்பிட்டோம். அமிலம் பட்டுக் கருகிய மர மேசை, மூடி சரியாக மூடாத பாட்டில்கள், மூக்கை அரிக்கும் ஒரு நெடி. அங்கே உட்கார்ந்து யாருக்காவது சோறு இறங்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். எனக்கு இறங்கியது. இப்போது அலுவலகத்தில் காற்றாடிக்குக் கீழே சுத்தமான மேசையில் சாப்பிடுகிறேன், அந்த நெடி இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன், பழைய தலைமையாசிரியர் இருந்தபோது, உப்பு தொடர்ந்து தாமதமாக வந்துகொண்டிருந்தாள். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆசிரியர் கூட்டத்தில் அவர் அவளை எழுப்பி நிற்க வைத்து, "தினம் இருபது நிமிஷம் லேட்டு, வீட்டுல என்ன தூக்கமா?" என்று கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். எழுந்து, "அவ வீட்டுக்காரர் அவளை விட்டுட்டுப் போயிட்டார் சார். சின்னக் குழந்தைய வச்சிக்கிட்டு ஒத்தையா ஓடிட்டு இருக்கா. தெரியாம பேசாதீங்க" என்றேன். அறுபது பேர் இருந்த அறை. அறுபது தலையும் அவள் பக்கம் திரும்பின. அவள் உட்கார்ந்து, கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினாள்.

அன்று நான் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் அவள் கையெழுத்துப் போட வந்தபோது, எப்போதும் என் பேனாவைப் பிடுங்கிக்கொள்பவள், தன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். நான்கு வருடமாக அந்தப் பேனாதான். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து. இரண்டு முறை "நல்லா இருக்கியா" என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் "ம்" என்றாள். அதற்குமேல் கெஞ்ச என் குணம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் வீட்டில் நான் அவளைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்காரர், "இன்னிக்கு உப்பு இருமினாங்களா, தும்மினாங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்குக் கிண்டல், எனக்குச் செய்தி. முடியை வெட்டியிருக்கிறாள், இளைத்திருக்கிறாள், மகளுக்குப் பல்லில் கம்பி கட்டியிருக்கிறார்கள் போல, பல் மருத்துவமனைச் சீட்டு பையில் தெரிந்தது என்று ஒப்பிப்பேன். எதிர் அறையில் இருப்பவளை இப்படித் தூரத்திலிருந்து பார்த்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறோமே என்று சில நாள் எனக்கே வெட்கமாக இருக்கும்.

பழுப்பு நான் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? நான் அவளைக் காப்பாற்றத்தானே பேசினேன்? பொய்யா சொன்னேன்? இரண்டு வருடம் ஊரார் பழுப்பையெல்லாம் அடுக்கி வைத்தவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, சுவர்ப் பெட்டியைத் திறந்து எடுத்த பதினேழு உறைகளில் ஒன்று பழுப்பு. மேலே அவள் கையெழுத்தில் அவள் பெயர்.

அவள் யாரிடம் தவறு செய்வாள்? ஈக்குக்கூட வழி விட்டு நடப்பவள். நான்கு வருடம் பேசாமல் இருந்தாளே, அது தப்பு என்று இப்போதாவது உறைத்திருக்கிறது, எனக்குத்தான் எழுதியிருக்கிறாள். இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உறையை அதன் இடத்தில் வைத்தேன். அரை மணி கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் மடித்த தாளின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அதன்பின் தினமும் பெட்டியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

அதைத் திறக்க ஒரே வழி இருந்தது. அவள் எனக்கு வலி கொடுத்தாள் என்று நான் ஒரு வெள்ளை போட வேண்டும். போட்டிருப்பேன், ஆனால் அவளாக ஒரு நாள் என் அலுவலகக் கவுண்டரில் நின்று ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொன்னது வேறு. ஆண்டு முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் இருக்கும் ஊரில் வேறு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆண்டுக் கடைசி நாளோடு விலகிக்கொள்கிறேன் என்று இரண்டு வரி. விலகல் கடிதங்களைப் பதிவதும் என் வேலைதான்.

அன்று மத்தியானமே வெள்ளை எழுதினேன். 'நான்கு வருடமாக என்னோடு பேசவில்லை. எனக்கு வலிக்கிறது.' ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் எழுதியது அவள் உறையைத் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான், அதையும் மறைக்கவில்லை. என் விஷயத்தை நானே பார்க்க முடியாது என்பதால் பெட்டியையும் சாவியையும் கொண்டுபோய்ப் புதுசிடம் கொடுத்தேன். அவர் உறையைப் படித்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார், "பாக்கறேன்" என்றார். ஒரு வாரம் அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

கடைசி நாள் பிற்பகல் எங்களைக் கூப்பிட்டார். பிள்ளைகள் போய்விட்டார்கள். நூலகத்தில் மூன்று நாற்காலி வட்டமாகப் போட்டிருந்தது. மூன்று நாற்காலியை எப்படிப் போட்டாலும் முக்கோணம்தான் வருகிறது. உப்பு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் பயணப் பை. நான்கு வருடத்தில் அவளை இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே எனக்குத் தெரியாத கோடுகள் வந்திருந்தன.

புதுசு டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டார். உப்புவைப் பார்த்து, "முதல்ல நான் ஒண்ணு சொல்லணும் டீச்சர். இவங்க வெள்ளை போட்டதால உங்க பழுப்பைத் திறந்தேன். அது இவங்களைப் பத்தி இல்ல. திறந்ததுக்கு மன்னிச்சிடுங்க. மறுபடி ஒட்டி வச்சிட்டேன். நீங்க இங்க உக்காந்தே ஆகணும்னு எதுவும் இல்ல" என்றார்.

"பதினொண்ணாவதுல ஒரு பொண்ணைக் காப்பி அடிச்சான்னு தப்பா திட்டிட்டேன்" என்றாள் உப்பு. "அவ வெள்ளை போடவே இல்ல. அது இருக்கட்டும். இவ கூப்பிட்டான்னு சொன்னீங்க, அதான் வந்தேன்."

எனக்கு அதற்குமேல் சரியாகக் காது கேட்கவில்லை. மூன்று மாதம் தினமும் எடுத்துத் தடவிப் பார்த்த உறை யாரோ ஒரு பிள்ளைக்கு. டஸ்டர் என் கைக்கு வந்திருந்தது. என்ன நடந்தது என்று புதுசு கேட்டார். வெள்ளையில் எழுதியதையே சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சின்னப் பிள்ளை புகார் சொல்வதுபோல இருந்தது. சீக்கிரம் முடித்து டஸ்டரை நீட்டினேன். சுண்ணாம்புத் தூள் எங்கள் இரண்டு பேர் கையிலும் ஒட்டியது.

"அன்னிக்கு மீட்டிங்ல இவ சொன்னது வலிச்சது" என்றாள் உப்பு. புதுசைப் பார்த்துத்தான் பேசினாள். "அடுத்த நாள்லேர்ந்து ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் எங்கிட்ட மெதுவா பேசினாங்க, நோயாளிகிட்ட பேசற மாதிரி. அது இன்னும் வலிச்சது. ஆனா இவ குணம் எனக்குத் தெரியும் மேடம். வாய் முதல்ல போகும், புத்தி பின்னாடி மூச்சு வாங்கிட்டு வரும். கெட்ட எண்ணம் கிடையாது."

புதுசு லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு மீட்டிங் முடிஞ்சதும் முன்வாசல்ல போய் நின்னேன். எப்பவும் அங்கதான் ரெண்டு பேரும் பஸ் ஏறுவோம். வருவா, வந்தா நல்லா நாலு திட்டு திட்டணும், அப்புறம் ரெண்டு பேரும் அழுதுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு நின்னேன். குழந்தைய பக்கத்து வீட்டுல விட்டிருந்தேன், அது வேற பயம். ஆறு மணி வரைக்கும் நின்னேன். வாட்ச்மேன் அண்ணன் வந்து, 'அவங்க பின்வாசல் வழியா எப்பவோ போயிட்டாங்களே'ன்னார்." டஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் நிக்கறது இவளுக்குத் தெரியாதுதான். ஆனா தேடியிருக்கலாம். மறுநாள் கவுண்டர்ல வந்து நின்னப்ப இவ எம் மூஞ்சியைப் பாக்கல, ரெஜிஸ்டரைப் பாத்தா. சரி, இவளுக்கு நான் அவ்ளோதான் போலன்னு எம் பேனாவை எடுத்தேன்."

"அப்ப நீங்க ஏன் வெள்ளை போடல டீச்சர்?" என்று புதுசு கேட்டார்.

உப்பு பயணப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒரு வெள்ளை உறையை எடுத்தாள். ஓரமெல்லாம் அழுக்காகி, நடுவில் மடித்து மடித்துக் கோடு விழுந்திருந்தது.

"எழுதி ரெண்டு வருஷம் ஆகுது. போடல. போட்டா பெட்டியில இவ பேர்ல பழுப்பு இருக்கான்னு தேடுவீங்க. இருந்தா சரி. இல்லைன்னா நான் என்ன பண்றது? தேடாத வரைக்கும் இருக்கும்னு நினைச்சுக்கலாம்ல? அப்படியே நினைச்சுக்கிட்டு வந்து கையெழுத்து போட்டுட்டு இருந்தேன்."

டஸ்டரை அவள் புதுசிடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இருக்கா?"

பெட்டி ஒரு வாரமாகப் புதுசிடம்தான் இருந்தது, பதில் அவருக்கும் தெரியும். ஆனால் கேட்டது என்னை. ஒரு நிமிடத்தில் ஆயிரம் சமாதானம் வாய்க்குள் வந்தது. உன்னைக் காப்பாற்றத்தான், எனக்கு எழுத வராது, பெட்டி என்னிடமே இருந்ததால் போட முடியவில்லை. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. டஸ்டரை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, வெள்ளை உறையை என் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு தேதி போட்டுப் பதிஞ்சுக்கோ."

பையைத் தோளில் மாட்டினாள். அவள் கதவுவரை போனபிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"ஏய், நான் எழுதினா வருவியா?"

"முதல்ல எழுது" என்றாள். திரும்பாமல்தான் சொன்னாள். தாழ்வாரத்தில் அவள் செருப்புச் சத்தம் படிவரை கேட்டது, பிறகு படியிலும் கேட்டது, பிறகு இல்லை.

ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தலாம் என்றுதான் இருந்தது. வெறும் கையோடு போய் என்ன சொல்ல? புதுசு என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மேசைமேல் ஒரு பழுப்பு உறையும் தாளும் வைத்துவிட்டுப் போனார். மனுஷி ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

தாளில் முதல் கேள்வி அச்சடித்திருந்தது. என்ன நடந்தது? 'கூட்டத்தில் உன்னைக் காப்பாற்றுவதற்காக' என்று எழுதி அடித்தேன். 'வாய் தவறி' என்று எழுதி அதையும் அடித்தேன். இருபது வருடம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய கை. ஜன்னலுக்கு வெளியே முன்வாசலில் பேருந்து வந்து நின்றது, யாரோ ஏறினார்கள், அவளாகத்தான் இருக்கும். பேருந்து கிளம்பியபிறகு, யாரிடமும் சொல்லாததை, வீட்டுக்காரரிடம்கூட நான்கு வருடம் சொல்லாததை, எழுதினேன்.

'அன்று சாயங்காலம் நீ முன்வாசலில் நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பின்வாசலுக்குத் திரும்பினேன்.'